தோளுயரப் பந்து

1948 வரை தனிச் சமஸ்தானமாக விளங்கி, 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டமான புதுக்கோட்டைச் சீமையின் பெரும்பகுதி செம்மண் நிலம். சில இடங்களில் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே செம்புறாங்கல் படிந்திருக்கும். கண்மாய்களையும் குளங்களையும் நம்பி வாழும் அவ்வூர்களில், சித்திரை வைகாசி வெயில் ஏறியதும் தரை சுட்ட செங்கல்லைப் போல இறுகிவிடும். அத்தரையில் ஒரு டென்னிஸ் பந்தை ஓங்கி எறிந்தால், அது எறிந்த சிறுவனின் தலைக்கு மேலே எழும்பும். ஐப்பசியில் மழை பெய்து மண் ஊறியபின் அதே பந்தை அதே இடத்தில் எறிந்தால், அது முழங்காலைத் தாண்டவும் தயங்கும். பந்து மாறவில்லை, எறிந்த கையும் மாறவில்லை, தரை மட்டுமே மாறிற்று. டென்னிஸ் ஆட்டத்தின் அரிய சிக்கல்களுள் ஒன்று இச்சிறு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

மட்டை பிடித்த கையின் உள்ளங்கை எதிராளியை நோக்குமாறு வீசி அடிப்பது முன்கை வீச்சு எனப்படும். ஆங்கிலத்தில் அதனைப் போர்ஹேண்ட் என்பர். தொடக்கநிலை மாணவன் முதலில் கற்பது இவ்வீச்சையே. இடுப்பின் உயரத்திற்கு வரும் பந்தை அவன் சில வாரங்களிலேயே இனிதாக அடிக்கக் கற்றுக்கொள்கிறான். பின்பு ஒருநாள் கோடையில் இறுகிய களத்தில் ஆடப் புகுகிறான். எதிராளி அடித்த பந்து வலைக்கு மேலே உயர்ந்து வந்து, கடைக்கோட்டின் அருகே விழுந்து, அவன் தோள்வரை எழும்புகிறது. நேற்று வரை கைவந்த வீச்சு இன்று கைகொடுக்கவில்லை. ஒரு பந்து வலையில் சிக்குகிறது. அடுத்தது வேலிக்கு அப்பால் பறக்கிறது. தன் மட்டையையே அவன் ஐயத்துடன் திருப்பிப் பார்க்கிறான். மட்டையின்மீது குற்றம் ஏதும் இல்லை.

பந்து உயர எழும்புவதற்குக் காரணங்கள் உள. பந்தின் தன்மை விதிகளால் வரையறுக்கப்பட்டது. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கடினமான சமதரையில் விழவிட்டால், பொதுவாக வழங்கும் வகைப் பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்புதல் வேண்டும். ஆகவே பந்தின் பங்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. எஞ்சியவை தரையும் சுழற்சியும் ஆம். புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும். மண்தரையிலோ உராய்வு மிகுதி; அது பந்தின் முன்னோட்டத்தைத் தடுத்து மேல்நோக்கி எழுப்பும். அடிப்பவன் மட்டையைக் கீழிருந்து மேலாகத் தேய்த்து வீசினால் பந்து முன்நோக்கி உருண்டவாறே பறக்கும். இதனை மேற்சுழற்சி என்னலாம். அவ்வாறு சுழலும் பந்தைக் காற்று கீழ்நோக்கி அழுத்துவதால், அது உயரச் சென்றும் களத்திற்குள் செங்குத்தாக இறங்கும். செங்குத்தாக இறங்கிய பந்து செங்குத்தாகவே எழும். மண்தரையும் மேற்சுழற்சியும் ஒன்று சேர்ந்தால் பந்து காதருகே வந்து நிற்பதில் வியப்பில்லை.

உயரத்தில் வரும் பந்தைக் கண்டதும், அதைக் கீழ்நோக்கி அறைந்துவிடலாம் என்ற ஆசை எவர்க்கும் எழும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வாசையின் பிழை விளங்கும். ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். நடுவில் வலையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். கடைக்கோட்டில் நிற்பவனுக்கு வலை சரிபாதித் தொலைவில் உள்ளது. ஆதலின் நேர்க்கோட்டில் கீழிறங்கி வலையை உரசிச் சென்று எதிர்க் கடைக்கோட்டில் விழ வேண்டுமாயின், பந்து வலையைப்போல் இருமடங்கு, அதாவது 183 சென்டிமீட்டர் உயரத்தில் புறப்படுதல் வேண்டும். அது நெடிய மனிதன் ஒருவனின் தலையுயரம். மாணவன் ஒருவனின் தோள் 140 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து வலையை உரசிச் செல்லும் நேர்க்கோடு 34 மீட்டருக்கு அப்பால்தான் தரையைத் தொடும். களமோ 24 மீட்டர்கூட இல்லை! பந்தை உள்ளே இறக்கித் தருவது புவியின் ஈர்ப்பே அன்றி மாணவனின் அறை அன்று. அவ்வீர்ப்பு வலைக்கு முன்னரும் வேலை செய்கிறது. ஆகவே கீழ்நோக்கி அறைந்த பந்து, மிகுந்த வேகம் இல்லையேல், வலையிலேயே முடியும்.

சரி, கீழ்நோக்கி அடிக்காமல் தரைக்கு இணையாக அடித்தால் என்ன? 140 சென்டிமீட்டரில் புறப்பட்ட பந்து வலையுயரத்திற்குத் தாழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைந்த நேரமே ஆகும். அதற்குள் அது வலையை எட்ட வேண்டுமாயின் மணிக்கு ஏறத்தாழ 136 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். அத்தகைய வலிமை பள்ளி மாணவர்க்கு அரிது. எனவே தோளுயரப் பந்தையும் சிறிது மேல்நோக்கியே அடித்தல் வேண்டும். ஆயினும் இடுப்பளவுப் பந்திற்குத் தேவைப்படும் அளவு அதனைத் தூக்க வேண்டா. வீச்சின் போக்கு ஏறக்குறையத் தரைக்கு இணையாக இருந்து, முடிவில் சற்றே மேலெழுந்தால் போதும். இடுப்பளவுப் பந்திற்குப் பழகிய செங்குத்தான வீச்சையே இங்கும் வீசுபவன் பந்தை வேலிக்கு அனுப்புகிறான்; அறைபவன் வலைக்கு அனுப்புகிறான். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியே கற்க வேண்டிய வழி.

வீச்சுக்கும் முன்னதாகக் கால்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெரும்பாலோர் மறப்பது இதனையே. உயர்ந்து வரும் பந்திற்கு மூன்று மறுமொழிகள் உள. முன்னே சென்று, பந்து எழும்பும்போதே, இடுப்பளவில் அதனைச் சந்திக்கலாம். நான்கைந்து அடி பின்வாங்கி, அது எழும்பி அடங்கி மீண்டும் இடுப்பளவுக்கு இறங்கும்வரை காத்திருக்கலாம். இரண்டும் இயலாதபோது நின்ற இடத்திலேயே தோளுயரத்தில் சந்திக்கலாம். முதலாவதற்குக் கூர்ந்த கண் வேண்டும். இரண்டாவதற்கு ஓடும் கால் வேண்டும். அன்றியும் பின்வாங்கியவன் எதிராளிக்குக் களத்தைத் திறந்துவிடுகிறான். மூன்றாவதற்கு வீச்சுத் திறம் வேண்டும். எதனைத் தேர்வது என்பதைப் பந்து எதிராளியின் மட்டையை விட்டுப் புறப்பட்டதுமே துணிதல் வேண்டும். பந்து தரையில் பட்டபின் எண்ணத் தொடங்குபவனுக்கு நான்காவது மறுமொழியே எஞ்சும்: உடலைப் பின்னே சாய்த்து, கையை மட்டும் தூக்கித் தடவுதல். அதனால் ஆட்டப்புள்ளி போவது ஒருபுறம் இருக்கட்டும். நாள்தோறும் அவ்வாறு அடிப்பவனின் தோள்மூட்டு நோகும்.

தோளுயரத்தில் சந்திப்பதென்று துணிந்தவன் முதலில் தோள்களைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்புதல் வேண்டும். மட்டையின் தலை தாழாமல், வரும் பந்தின் உயரத்திலேயே பின்செல்ல வேண்டும். இடக்கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி வைத்தால் உடலின் சமநிலையும் பந்தின் தொலைவும் ஒருங்கே புலப்படும். பின்காலில் ஊன்றிய எடை முன்னே வருகையில், பந்தை உடலுக்கு முன்பாகச் சந்திக்க வேண்டும். உடலோடு ஒட்டியோ பின்னாகவோ சந்தித்தால் வலிமை முழுதும் வீணாம். வீச்சு முடிகையில் மட்டை எதிர்த்தோளைக் கடந்து செல்லும். முழங்கை உடலை விட்டு விலகியிருக்கிறதா என்று உடன் ஆடுபவன் பார்த்துச் சொல்வது நன்று. தனக்குத் தானே இதனைக் காண்பது கடினம்.

மட்டையைப் பிடிக்கும் முறையும் இங்குக் கருதத்தக்கது. மட்டையை நேராக நிறுத்தி அதனோடு கைகுலுக்குவதுபோலப் பிடிப்பது கிழக்குப் பிடி. தரையில் படுக்க வைத்த மட்டையை மேலிருந்து அப்படியே எடுப்பதுபோலப் பிடிப்பது மேற்குப் பிடி. இப்பெயர்கள் அமெரிக்க நாட்டில் எழுந்தவை. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் புல்தரைகள் மிகுதி. மேற்கே கலிபோர்னியாவில் சிமெண்டுத் தரைகள் மிகுதி. சிமெண்டில் பந்து உயர எழும்பியதால் அங்குள்ளோர் தம் பிடியை மாற்றிக்கொண்டனர். கிழக்குப் பிடியில் கை தோளுயரத்திற்குச் சென்றால் மட்டையின் முகம் வானத்தை நோக்கித் திரும்ப முயலும். மேற்குப் பிடியில் அது பந்தையே நோக்கும். அதற்கேற்ப, முழங்காலளவில் வரும் பந்து மேற்குப் பிடியினருக்குத் தொல்லை தரும். எல்லாவற்றிற்கும் ஏற்ற பிடி என்று ஒன்று இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்டதே பள்ளி மாணவர்க்குப் பொருந்தும் எனலாம்.

தரை ஆட்டத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1937-இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி. கே. இராமநாதனிடம் ஆட்டம் கற்றார். 1954-இல் விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதியை எட்டினார். 1961-இல் அவரிடம் தோற்றவர்களுள் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனும் ஒருவர். கிருஷ்ணனின் ஆட்டம் வலிமையை நம்பியதன்று. மென்மையையும் இடமறிதலையும் நம்பியது. அக்காலத்தில் நான்கு பெரும்போட்டிகளுள் மூன்று புல்தரையில் நிகழ்ந்தன. பாரிசில் மட்டுமே மண்தரை. அவருடைய மைந்தர் ரமேஷ் 1979-இல் அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார். பந்தை எழும்பும்போதே எதிர்கொண்டு, அதன் வேகத்தையே கடனாகப் பெற்றுத் திருப்புவது ரமேஷின் கலை. மேலே கூறிய மூன்று மறுமொழிகளுள் முதலாவதற்கு அவரே நல்ல எடுத்துக்காட்டு.

1987-இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்திய அணி சிட்னி நகரின் புல்தரையில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. இரு அணிகளும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்றிருந்த நிலையில், ஐந்தாம் ஆட்டத்தில் வாலி மசூரை ரமேஷ் வென்றார். இறுதிப் போட்டி டிசம்பரில் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் நடந்தது. சுவீடன் தன் உரிமைப்படி, கூரைவேய்ந்த அரங்கினுள் மண்தரையை அமைத்தது. பாரிசின் மண்தரையில் ஆறு முறை வென்ற போர்க் பிறந்த நாடு அது. அன்று அந்நாட்டிற்காக ஆடிய வில்லாண்டரும் அதே தரையில் அதற்குள் இருமுறை பட்டம் பெற்றவர். ரமேஷும் விஜய் அமிர்தராஜும் அடங்கிய இந்திய அணி ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. சிட்னியில் வென்ற கைகளும் கோத்தன்பர்க்கில் தோற்ற கைகளும் ஒன்றே. எதிராளிகளின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆயினும் தரையின் பங்கு அதில் சிறிதன்று.

மண்தரையில் உயரப் பந்தை வென்று காட்டியவரும் ஒரு சுவீடன் நாட்டவரே. ஸ்பெயினின் ரபேல் நடால் 2005 முதல் பாரிசில் தோல்வியே அறியாமல் 31 ஆட்டங்களை வென்றிருந்தார். அவருடைய மேற்சுழற்சிப் பந்துகள் எதிராளிகளின் தோளுக்கு மேலே எழும்பி அவர்களைப் பின்னே தள்ளும். 2009 மே 31 அன்று நான்காம் சுற்றில் ராபின் சோடர்லிங் அவரை எதிர்த்தார். சோடர்லிங் ஏறக்குறைய 193 சென்டிமீட்டர் உயரமுடையவர். அவர் பின்வாங்கவில்லை. தோளுயரத்தில் எழுந்த பந்துகளை அங்கேயே, தட்டையாக, முழு வேகத்துடன் அடித்தார். நான்கு சுற்றுகளில் மூன்றை வென்று நடாலை வெளியேற்றினார். உயரமும் வேகமும் இருந்தமையால் மேற்கூறிய கணக்கு அவருக்குச் சாதகமாயிற்று. இறுதி ஆட்டத்தில் அவர் ரோஜர் பெடரரிடம் தோற்றார் என்பது வேறு. நடாலும் பின்னர் மீண்டு, 2022 வரை அங்கே 14 பட்டங்கள் பெற்றார்.

இனிப் புதுக்கோட்டைக் களத்திற்குத் திரும்பலாம். மண்களம் அமைக்க வேண்டுமாயின் செம்மண்ணைச் சலித்துப் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் பலமுறை அழுத்த வேண்டும். தென்னாட்டில் அதன்மேல் சாணக் கரைசலைத் தெளித்து மெழுகும் வழக்கமும் உண்டு. வீட்டு முற்றத்திற்குச் செய்வதே இங்கும். காலையில் நீர் தெளித்த களத்தில் பந்து அடங்கி எழும். மாலையில் ஈரம் உலர்ந்தபின் துள்ளி எழும். ஆகவே ஒரே நாளில் இருவகைப் பந்துகளையும் பழகும் பேறு செம்மண் நிலத்து மாணவர்க்கு வாய்த்திருக்கிறது.

களமே இல்லாத ஊரிலும் பயிற்சிக்குத் தடையில்லை. வேப்பமரக் கிளையில் ஒரு கயிற்றைக் கட்டி, பழைய பந்தொன்றைத் தோளுயரத்தில் தொங்கவிடலாம். தோளைத் திருப்பி, இடக்கையை நீட்டி, உடலுக்கு முன்பாக அதனை அடித்துப் பழகலாம். கயிறு முன்நோக்கி நேராகச் சென்றால் வீச்சு சரி. கிளையைச் சுற்றிக்கொண்டால் மட்டை மேல்நோக்கி மிகையாகப் போயிற்று என்று பொருள். அதன்பின் தோழன் ஒருவன் பத்தடி தொலைவில் நின்று, பந்தைத் தரையில் அறைந்து உயர எழுப்பித் தர வேண்டும். அடிப்பவன் பந்தை அடிக்குமுன் 'முன்', 'பின்', 'இங்கே' என்ற மூன்று சொற்களுள் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் அச்சொல் பந்து தரையில் பட்டபின்னரே வரும். சில நாட்களில், தோழனின் கையை விட்டுப் பந்து புறப்படும்போதே வந்துவிடும்.