பேய்களைக் கண்டு பயமில்லை, கார்களைக் கண்டுதான்

கேள்வி: அக்டோபர் 31 இரவு என் ஆறு வயது மகனை வீடு வீடாக மிட்டாய் வாங்க அனுப்பப் பயமாக இருக்கிறது. வேர்க்கடலை ஒவ்வாமை வேறு. என்ன செய்யலாம்?
– வாசகி, நியூஜெர்சி

பதில்: ஹாலோவீனில் பேயைவிட இருட்டில் வரும் கார்தான் ஆபத்து. பள்ளி, தேவாலய வாகன நிறுத்துமிடங்களில் நடக்கும் ‘ட்ரங்க் ஆர் ட்ரீட்’டுக்குக் கூட்டிப்போங்கள். கார் டிக்கிகளைப் பேய்வீடுபோல அலங்கரித்து, வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே நடத்துவதும் உண்டு. முகமூடி வேண்டாம், பார்வையை மறைக்கும். முகத்தில் சாயம் போதும். மிட்டாய் உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்காமல் தராதீர்கள். வீடு வீடாகவே போனால், வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருந்தால், தின்பண்டத்துக்குப் பதிலாக ஸ்டிக்கர், பென்சில் மாதிரி ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். 2014-இல் அமெரிக்கா முழுவதும் அறிமுகமான நல்ல ஏற்பாடு. வீட்டுக்குள்தான் என்றால், பூசணியில் முகம் வரைவது அவன் வேலை, கத்தி பிடிப்பது உங்கள் வேலை. விதைகளை உப்புப் போட்டு வறுத்துவிடுங்கள், அப்பாவுக்கும் ஆகும்.