வெளிப்புறப் பயிற்சியும் பொறுப்புணர்ச்சியும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெளிப்புறப் பயிற்சி எதற்கு எனப் பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் ஓடியாடி வளரும் பிள்ளைக்கு ஆசிரியர் புதிதாக என்ன சொல்லித் தரப் போகிறார்? வினா நியாயமானதே. ஆயினும் காட்டில் திரிவது வேறு. காட்டை அறிந்து நடப்பது வேறு.

பேடன் பவல் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் பாசறை அமைத்தார். அவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கத்தின் உயிர்நாடி இந்த அணிமுறையே என்பது என் கருத்து. சீருடையும் அணிவகுப்பும் அதற்குப் பிற்பட்டவை.

கத்தியை எடுத்துக்கொள்வோம். பாராங்கைக் கண்டதும் பிள்ளை வெட்டவே விரும்புவான். முதலில் அதனை உறையிலிட்டுச் சுமக்கவும், பிடியை முன்னீட்டிப் பிறரிடம் கொடுக்கவும், துடைத்து எண்ணெய் பூசி வைக்கவும் பழக்க வேண்டும். வீசும்போது கை எட்டும் தொலைவும் கத்தி எட்டும் தொலைவும் சேர்ந்த வட்டத்துள் எவரும் நிற்கலாகாது. வெட்டு உடலுக்கு அப்பால் செல்ல வேண்டும். இவற்றைக் கற்பிக்க என்னைவிடத் தகுதியுடையவர், நாள்தோறும் உளி தீட்டிப் பால்மரம் வெட்டும் தந்தையே. தீட்டும்போது மகனை அருகில் அமர்த்திக்கொண்டால் போதும்.

இடியையும் கணக்கிடப் பழக்குங்கள். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 3 விநாடி சென்றால் மின்னல் சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 30 விநாடிக்குள் ஓசை கேட்டால் வீட்டுக்குள் சென்றுவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்குவது பெருந்தவறு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும்வரை வெளியே வரலாகாது.

இனி ஆற்றுக்கு வருவோம். மலையடிவார ஓடைகளில் 'கெப்பாலா ஆயர்' என்னும் திடீர் வெள்ளம் வரும். நாம் நிற்குமிடத்தில் வெயில் காயலாம்; மேலே மலையில் மழை பெய்திருக்கும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வருதல், நீர்மட்டம் உயர்தல், மேற்புறத்தில் இரைச்சல் கேட்டல் ஆகியன அதன் அறிகுறிகள்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் பன்னிருவரை அத்தகைய ஓடை ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். உடன் இரண்டு ஆசிரியர்களும் வந்தனர். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் ஊதலைக் கொடுத்து, "நீரின் நிறம் மாறினால் மும்முறை ஊது. என்னைக் கேட்டுக்கொண்டிராதே," என்றேன். வகுப்பில் அவன் அதிகம் பேசாதவன். கணக்கில் பின்தங்கியவனுங்கூட.

ஓடையின் நடுவே பாறை மீதமர்ந்து கயிற்று முடிச்சு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். பாடம் சுவையாகச் சென்றதாக எனக்கு நினைப்பு. ஊதல் ஒலித்தது. வானத்தைப் பார்த்தேன், நல்ல வெயில். "யார் ஊதச் சொன்னது?" என்று சினந்தேன். அவன் மீண்டும் மும்முறை ஊதினான். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டுக் கரையேறினர்.

"ஐயா, தண்ணீர் கலங்குகிறது. கேட்காமல் ஊது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றான். குரல் நடுங்கிற்று.

நானும் ஏறினேன். பத்து நிமிடத்திற்குள் அந்தப் பாறை நீருள் மறைந்தது. எங்கள் கயிறும் போயிற்று.

பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுத்தேன் என எண்ணியிருந்தேன். உண்மையில் ஊதலை மட்டுமே கொடுத்து, தீர்மானத்தை என்னிடமே வைத்திருந்தேன். மறுநாள் காலை, பள்ளிச் சபையில், அவனைச் சினந்தது என் பிழை என்று மாணவர் முன்னிலையில் கூறினேன்.

ஊதல் அவனிடமே இருந்தது. ஆறாம் ஆண்டு முடிந்து விடைபெறும் நாளில் அதனைக் குழாய் நீரில் கழுவித் துடைத்து, அடுத்த அணித்தலைவனின் கழுத்தில் மாட்டினான். பின்னர் அவனைத் தனியே அழைத்துச் சென்று நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னவென்று நான் கேட்கவில்லை.