சங்கம் வைக்கப் போகிற பிள்ளைகளுக்கு

கேரி தீவில் பிறந்து கிள்ளான், பந்திங், ஷா ஆலாம், பிரிக்பீல்ட்ஸ் என்று சிதறிப்போன பிள்ளைகள் அவ்வப்போது வீட்டுக்கு வருவார்கள். “ஐயா, நாங்க பத்துப் பேரு சேர்ந்து ஒரு சங்கம் வைக்கலாம்னு இருக்கோம்” என்பார்கள். எதற்கு என்று கேட்டால், “சமுதாயத்துக்குச் சேவை செய்யத்தான்” என்று பதில் வரும். சமுதாயம் என்ற பெயரில் எந்த லயத்திலும் எந்தத் தாமானிலும் யாரும் குடியிருக்கவில்லை. எட்டாம் நம்பர் வீட்டில் ஒரு பாட்டி குடியிருக்கிறார். வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு அவரைக் கூட்டிப்போக ஆள் இல்லை. அந்தப் பாட்டியிலிருந்து தொடங்கத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பெயரையும் சின்னத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புலனக் குழு திறந்த அன்றைக்கே சட்டைக்கு நிறம் தேடும் கூட்டத்தை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு தெருவுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஒரு தவணை முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் பத்துப் பேர் வருவீர்கள், ஐந்தாவது வாரம் நான்கு பேர் மிஞ்சுவீர்கள். அந்த நான்கு பேர்தான் உங்கள் செயலவை.

2. கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள். இதற்கு வழிகாட்டி வெளியூரில் இல்லை, இந்தக் கிள்ளான் வட்டாரத்திலேயே இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டியது. முன்னால் நின்றவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்தவர். தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. அவர்கள் வைத்த கோரிக்கைகளை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இருக்கக் கூடாது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

சைக்கிள் கோரிக்கையை நிறைவேற்ற நிர்வாகத்துக்கு ஒரு காசும் செலவில்லை. இருந்தும் அது கூலிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தது. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் தொழிலாளியின் ஒரு நாள், விடியற்காலைப் பெரட்டிலிருந்து பொழுதுசாயும்வரை, எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்தது. மே மாதம் நாதன் கைதாகிப் பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இன்றைக்கு மனு எழுதுவதற்கு அப்படி ஒரு விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் மனுக்கள் “இந்தியர்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த ஆவன செய்யுமாறு” என்றே ஆரம்பிக்கின்றன. அதைப் படிக்கும் அதிகாரி தலையாட்டிவிட்டுக் கோப்பில் செருகுவார். எங்கள் தெருவில் மூன்று விளக்குகள் எரியவில்லை, கம்பங்களின் எண்கள் இவை, இந்தத் தேதியில் புகார் செய்தோம் என்று எழுதிப் பாருங்கள். அவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும்.

3. காகித வேலையை ஏளனம் செய்யாதீர்கள். நம் நாட்டில் சங்கங்களை ஆள்வது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். ஏழு பேர் இருந்தால் சங்கப் பதிவிலாகாவிடம் மனுச் செய்யலாம், இப்போது எல்லாம் இயங்கலையில்தான். ஆனால் எல்லாரும் அந்த வாசலுக்கே ஓட வேண்டியதில்லை. பந்து விளையாடத்தான் கூடுகிறீர்கள் என்றால் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் போங்கள். இளைஞர் அமைப்பு என்றால் 2007-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ரோந்து, துப்புரவு, அக்கம்பக்க உறவு என்றால் ருக்குன் தெத்தாங்கா உங்கள் இடத்தில் ஏற்கெனவே இருக்கக்கூடும். 1975-இல் தொடங்கிய ஏற்பாடு அது, 2012-இல் தனிச் சட்டமும் பெற்றது. பல இடங்களில் ஆளில்லாமல் கிடக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிட அதற்குள் நுழைந்து உயிர் கொடுப்பது எளிது. தலைவர் பதவி கிடைக்காது என்பதுதான் நம்மவர்களுக்கு அதில் உள்ள குறை.

பதிவு செய்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். பல சங்கங்கள் சண்டையால் சாவதில்லை. இதை இரண்டு மூன்று வருஷம் அனுப்பாமல் விட்டுப் பதிவு ரத்தாகித்தான் சாகின்றன.

4. தெருவில் உண்டியல் ஏந்துவதற்கும் வீடு வீடாக வசூலிப்பதற்கும் 1947-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. போலீஸ் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

5. காசு. இதைப் பற்றிப் பேசினால் மனம் கசக்கும், பேசாவிட்டால் சங்கமே கசந்துபோகும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். “இப்போதைக்கு என் கணக்கில் போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்பவர் உத்தமராகவே இருக்கட்டும், மறுத்துவிடுங்கள். அவருடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்காகவே மறுக்க வேண்டும். ஐந்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது எழுதுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். புலனத்தில் படம் போட்டால் போதாது, படிக்கும்போதுதான் யாராவது “அந்த முந்நூறு எதுக்கு?” என்று கேட்பார்கள்.

தோட்டத்து ஏழைகள் காசு சேர்க்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் துன் வீ. தி. சம்பந்தனைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பங்கு 100 வெள்ளி, தவணையில் கட்டலாம் என்றார். பால்மரம் வெட்டிய கைகள் கட்டிய தவணையில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு இன்னும் பல தோட்டங்கள். சம்பந்தன் அப்போது அமைச்சர், ஆனால் அந்தப் பதவியை மட்டும் நம்பி ஒரு தொழிலாளி பத்து வெள்ளியை எடுத்துக் கொடுத்திருக்க மாட்டான். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்து வாசலில் நின்று விளக்கினார்.

6. மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு வரம்பு போடுங்கள். அந்த வரம்பு பூஜ்யமாக இருந்தால் இன்னும் நல்லது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார், பிள்ளைகள் ஆடை கட்டிக்கொண்டு வியர்வையில் நிற்கும். அவர் வந்ததும் எல்லாரும் எழுந்து நிற்போம். துரைக்காகச் சைக்கிளை விட்டு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

7. படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பத்துப் பேச்சாளருக்குச் சமம். தோட்டப்புற வாழ்க்கையின் பெரிய கடன் இன்னும் தீராமல் இருப்பது இங்கேதான். சுதந்திரத்தின்போது தோட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் குடியுரிமைக்கு மனுப் போடாமல் விட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுத் திரும்பினார்கள். தங்கியவர்களில் பலர் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். 2011-இல் அரசாங்கமே மைடப்தார் என்று ஓர் இயக்கம் நடத்தி இப்படி ஆவணமில்லாத இந்தியர்களைத் தேட வேண்டியிருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. 1982 மார்ச் முதல் முஸ்லிமல்லாதவர்களின் திருமணமும் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊர் கூடிச் சாப்பிட்டாயிற்று, பிறகென்ன பதிவு என்று விட்டுவிட்டால், தாய்க்குக் குடியுரிமை இல்லாதபோது பிள்ளையும் குடியுரிமை இல்லாமல் நிற்கும், தகப்பன் குடியுரிமை உள்ள நீல அட்டைக்காரராக இருந்தாலும். ஆகவே உங்கள் தெருவில் கல்யாணம் என்று கேள்விப்பட்டால் மொய் எழுதும்போதே பதிவைப் பற்றிக் கேளுங்கள். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். சங்கத்து ஆண்டறிக்கைக்கும் குழந்தைக்கும் ஒரே கெடு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலை மெதுவானது. ஒரே ஆளுக்காகத் தேசியப் பதிவிலாகாவுக்கு வருஷக்கணக்கில் நடக்க நேரும். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வையுங்கள், மூலப் பத்திரத்தை ஒருபோதும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், நகல் போதும்.

8. சமையலறையில் நிற்கும் பெண்களைப் பொருளாளர் ஆக்குங்கள். இருபது வெள்ளியில் ஒரு வாரம் ஓட்டியவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “மகளிர் பகுதி” என்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

9. பக்கத்து வீடு தமிழ் வீடாக இருக்க வேண்டியதில்லை. கேரி தீவு என்றதும் வெளியூர்க்காரனுக்குச் செம்பனையும் மா மெரி பூர்வகுடி மக்களின் மரமுகமூடிகளும் ஞாபகம் வரும். தீவுக்குப் பெயர் தந்த கேரி துரை வருவதற்கு முன்பே இந்தச் சதுப்பு நிலக் கரையை அறிந்தவர்கள் அவர்கள். நாம் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று திசைப் பெயர் சூட்டிய தமிழ்ப் பள்ளிகளை வைத்துக்கொண்டு தலைமுறைகளாகப் பக்கத்தில் வாழ்ந்தோம். சுங்கை பும்புன் கம்பத்துக்காரர் ஒருவரோடாவது உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். முன்பு நம்மவர்கள் வெட்டிய செம்பனைக் குலையை இன்றைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வெட்டுகிறார்கள். அவர்கள் படும் பாடு என்னவென்று நம் தாத்தாக்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இதை நல்லெண்ணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தீவின் ஓரமெல்லாம் கரைகட்டி, மதகு வைத்துத்தான் கடல்நீர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பர் 18-இல் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் முழுக்க மூழ்கி, ஜனங்கள் கூரையில் ஏறி நின்றார்கள். படகு வைத்திருந்த சாதாரண ஆட்கள் தங்கள் படகோடு வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்துவாராவில் எல்லா இனத்தாரும் சேர்ந்து சப்பாத்தி சுட்டுச் சோறு கட்டினார்கள். அந்த நாளில் யாரிடம் படகு இருக்கிறது, யாரிடம் பெரிய லாரி இருக்கிறது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்ற பட்டியல் கையில் இருந்த தெருவும் இல்லாத தெருவும் ஒன்றாக இருந்திருக்காது. அந்தப் பட்டியலை வெயில் காலத்தில் எழுதி வையுங்கள். கேரி தீவில் படகு யாரிடம் இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம், மா மெரிகள் மீன்பிடிக்கிறவர்கள்.

அதே ஆண்டு நடுவில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பட்டினி கிடந்த வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியதும் ஞாபகம் இருக்கும். கொடி கட்டக் கூச்சப்பட்ட வீடுகளும் இருந்தன. அவற்றின் கதவைத் தட்டக்கூடியவர் அந்தத் தெருக்காரர் மட்டுமே.

10. அரசியல்வாதி கொடுத்தால் வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள், ரசீது கொடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆலோசகர் பதவி, புரவலர் பதவி வேண்டாம். ஆட்சி மாறினால் உங்கள் டியூஷன் வகுப்பும் மாற வேண்டிவரும். அரசாங்கத்தின் இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்படுகிறது என்று கேட்டவுடன் வாயில் எச்சில் ஊறும் சங்கங்கள் உண்டு. மானியம் கேட்பதில் தவறில்லை. மானியம் வராவிட்டாலும் அந்த வேலையைச் சின்ன அளவிலாவது செய்வோமா என்பதை மனுப் போடுவதற்கு முன் முடிவு செய்யுங்கள்.

11. கோயில் நிர்வாகச் சண்டைக்குள் சங்கத்தை இழுக்காதீர்கள். கோயில் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான்.

12. கூட்டத்தை வேலைக்காரர்களின் நேரத்துக்கு வையுங்கள். பூலாவ் இண்டா துறைமுகத்திலும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள்தான் உங்கள் தொண்டர்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணி என்று நிரந்தரமாக வைத்தால் பாதிப் பேர் எப்போதும் வர முடியாது. ஒரு மாதம் காலை, ஒரு மாதம் இரவு என்று மாற்றி வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். பசியாறிவிட்டுப் பேசலாம் என்று தொடங்கிய எந்தக் கூட்டமும் பேசி முடித்ததாக எனக்கு நினைவில்லை.

13. ஆறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்று சட்டவிதியிலேயே எழுதிவிடுங்கள். முதல் நாளே எழுதினால்தான் உண்டு, ஐந்தாவது ஆண்டில் எழுத முயன்றால் அது யாரோ ஒருவரை எதிர்த்ததாகிவிடும். பதவியை விட்டுப் போகிறவர் கூட்டக் குறிப்புப் புத்தகம், ரசீதுக் கட்டு, காசோலைப் புத்தகம், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் சாட்சி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கட்டும். சங்கப் பதிவிலாகாவின் இயங்கலைக் கணக்கில் பொறுப்பாளர் பெயரை மாற்றும் வேலையையும் அன்றைக்கே உட்கார்ந்து முடித்துவிடுங்கள். செயலாளர் கோபித்துக்கொண்டு ஜொகூருக்குக் குடிபோன பிறகு கடவுச்சொல் கேட்டு அலைகிற சங்கங்களை எனக்குத் தெரியும்.