மோட்டார் ஓடுது, தண்ணி வரல! (கம்ப்யூட்டர் கணக்கில் பிழை தேடும் பாடம்)



கம்ப்யூட்டரில் கணக்கு போட்டால் தப்பே வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் குழுக் கூட்டத்தில் நடந்த ஒரு சம்பவம் அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

என்ன நடந்தது?

எங்கள் குழுவில் 14 பேர். கணக்கு நோட்டு எழுதுவது நான். ஊக்குநர் அக்காவின் மகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எங்களுக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தந்தாள். இந்த மொழி 1991-ல் வெளிவந்தது. காசு கொடுக்காமலே கிடைக்கிறது.

உறுப்பினர் பெயர், கடன் தொகை, கடைசியில் "சரி" அல்லது "நிலுவை" என்று ஆளுக்கு ஒரு வரியாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தோம். புரோகிராமை ஓட்டினால் நிலுவை உள்ளவர் பெயர் மட்டும் திரையில் வர வேண்டும்.

கூட்டத்தில் ஓட்டிப் பார்த்தோம். பிழை என்று எதுவும் காட்டவில்லை. பெயரும் ஒன்றுகூட வரவில்லை.

"பாத்தீங்களா, நம்ம குழுவுல நிலுவையே இல்ல!" என்று எல்லோரும் கைதட்டினோம். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கிற நேரம் அது. "நிலுவை ஏதும் இல்லை" என்று தீர்மான நோட்டில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நான் ரெண்டு மாசமா தவணை கட்டலியே. எம் பேரு ஏன் வரல?"

பேனாவை மூடிவிட்டேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் 14 பேரும் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருப்போம்.

பிழை இரண்டு வகை

முதல் வகை, கம்ப்யூட்டரே சொல்லிவிடும் பிழை. எழுத்து தப்பாக இருந்தாலோ, அடைப்புக்குறி விட்டுப்போனாலோ ஓடாமல் நின்றுவிடும். எந்த வரியில் தப்பு என்றும் காட்டும்.

இரண்டாவது வகை, ஓடும், ஆனால் விடை வராது. நாம் எழுதியதை அது அப்படியே செய்து முடித்திருக்கும். நாம் நினைத்தது வேறு, எழுதியது வேறு என்று அதற்குத் தெரியாது.

வயலில் மோட்டார் ஓடுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? மோட்டாரைக் கழற்ற மாட்டோம். குழாய் வழியே நடந்து, ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து பார்ப்போம். இதுவரை தண்ணீர் வருகிறது, இதற்கு மேல் வரவில்லை என்றால், கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். புரோகிராமிலும் இதே வேலைதான்.

நாங்கள் தேடிய விதம்

படி 1: புரோகிராமின் முதல் வரியில் "தொடங்கிவிட்டேன்" என்று திரையில் காட்டச் சொன்னோம். வந்தது. மோட்டார் ஓடுகிறது.

படி 2: ஃபைலில் எத்தனை வரி படித்தாய் என்று கேட்டோம். 14 என்றது. சரியான ஃபைல்தான்.

படி 3: படித்த ஒவ்வொரு வரியையும் காட்டச் சொன்னோம். பெரியம்மா பெயரும் வந்தது, பக்கத்தில் "நிலுவை" என்றும் வந்தது.

படி 4: "நிலுவை என்று இருந்தால்" என்ற நிபந்தனைக்கு உள்ளே "உள்ளே வந்தேன்" என்று காட்டச் சொன்னோம். வரவே இல்லை. கோளாறு படி 3-க்கும் 4-க்கும் நடுவில் என்று தெரிந்துபோனது.

படி 5: அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு கோடு போட்டுக் காட்டச் சொன்னோம். முன் கோடு சரியாக வந்தது. பின் கோடு அடுத்த வரியில் போய் விழுந்தது!

அங்கேதான் விஷயம். ஃபைலில் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிமுடிவுக் குறி இருக்கிறது. வரியைப் படிக்கும்போது அதுவும் சேர்ந்தே வருகிறது. "நிலுவை" நமக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டர் ந, ல, வ என்பதையும் அவற்றின் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 6 என்று கொள்ளும். எங்கள் ஃபைலிலிருந்து வந்த சொல்லை எண்ணச் சொன்னால் 7 என்றது. 6-ம் 7-ம் ஒன்றல்ல என்று 14 பேரையும் ஒதுக்கிவிட்டது.

வரியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதை நீக்கும் ஸ்ட்ரிப் என்ற கட்டளையைச் சேர்த்தோம். 3 பெயர்கள் வந்தன. கடன் பேரேட்டைப் புரட்டினேன். அதே 3 பெயர்கள்!

வேறு காரணங்களும் உண்டு

• சமையல் குறிப்பு எழுதியாச்சு, அடுப்பு பற்றவைக்கவில்லை. வேலையை ஃபங்ஷனாக எழுதிவிட்டு, அதை அழைக்க மறந்துவிடுவது.
• சோறு வெந்தாச்சு, பரிமாறவில்லை. விடையைக் கணக்கிட்டுவிட்டு, பிரிண்ட் என்று சொல்லாமல் விடுவது.
• குதிர் காலி. ஃபைல் காலியாக இருந்தால், ஒவ்வொரு வரியாகச் செய்யும் வேலை ஒருமுறைகூட நடக்காது. அதற்குப் பிழையும் காட்டாது.
• வாயைக் கட்டிவிட்டோம். "பிழை வந்தால் கண்டுகொள்ளாதே" என்று எழுதியிருந்தால், பிழை வந்தும் நமக்குத் தெரியாது.
• இன்னும் முடியவே இல்லை. நாம் ஏதாவது தட்டச்சு செய்வோம் என்று அது காத்திருக்கலாம்.

நாங்கள் பழகிக்கொண்ட 3 வழக்கங்கள்

1. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து முதலில் சோதிப்போம். நிலுவை உள்ள ஒருவர் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே நம்புவோம்.
2. கடைசி வரியில் "14 பேரைப் பார்த்தேன், நிலுவை 3 பேர்" என்று காட்டும்படி எழுதியிருக்கிறோம். நிலுவை இல்லாவிட்டால் "0 பேர்" என்று வரும். வெறும் திரையை வைத்து இனி முடிவு செய்வதில்லை.
3. கண்டுபிடித்த தப்பை நோட்டில் எழுதி வைக்கிறோம்.

எழுதி வைப்பது பெரிய இடத்திலும் உள்ள பழக்கம்தான். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் விவரமும் எழுதி வைத்தார்கள். அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் கணித அறிஞர் இந்தக் கதையைப் பல கூட்டங்களில் சொல்லிப் பரப்பினார்.

தோழியரே, கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. நாமும் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தப் பெரியம்மாவுக்குப் புரோகிராம் என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் எங்கள் குழுவில் முதலில் பிழையைக் கண்டவர் அவர்தான். அவருக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்துத் தீர்மானம் போட்டோம்.

கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. உங்கள் குழுவில் கம்ப்யூட்டர் கணக்கைக் கை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது யார்?
2. கணக்கில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்க எல்லோருக்கும் இடம் இருக்கிறதா?