கண்ட காட்சியும் காத்த படமும்

கண்ணுக்கு இனிய காட்சிகள் பலவும் கணத்தில் மறையும் இயல்பின. மலைமேல் தவழும் மேகம் கலைந்துவிடுகின்றது. அருவி நீர் ஒரு முறை வீழ்ந்த வடிவில் மறுமுறை வீழ்வதில்லை. மறையும் இக்காட்சிகளை நிலைநிறுத்த விரும்பிய மக்கள், பண்டைக் காலத்தில் ஓவியம் வரைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிழற்படக் கலையைக் கண்டனர். இங்கிலாந்து நாட்டினரான டால்பட் என்பார், தாளின்மீது ஒளியால் உருவைப் பதிக்கும் தம் முறைக்கு 1841-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதற்குப்பின் இருபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே, அக்கலை பழைய தகடூர் நாட்டு மலைகளை வந்து எட்டியது.

அதனைக் கொணர்ந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். 1822-இல் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணிபுரிந்தவர். இவர்தம் திறமையை அறிந்த சென்னை அரசு, 1856-இல் இவரை அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. கோயில்களையும் கோட்டைகளையும் நிலக்காட்சிகளையும் படமாக்கித் தருதல் இவர் கடமையாயிற்று. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட இவர், கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு இராயக்கோட்டை, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய ஊர்களை அடைந்தார். இராயக்கோட்டைப் படங்கள் அடங்கிய தொகுதி 1858-இல் வெளிவந்தது. அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர், 1965-இல் தருமபுரி மாவட்டம் தோன்றியபோது அதனுள் அடங்கியது. 2004 முதல் கிருட்டினகிரி மாவட்டத்தில் உள்ளது. எல்லைகள் மாறின, படத்தில் மலை மாறாது நிற்கின்றது.

இக்காலத்தில் விரலால் தொட்ட அளவிலே படம் பதிந்துவிடும். அக்காலத்தில் ஒரு படம் எடுத்தல் ஒரு தவம் போன்றது. மெழுகூட்டிய தாளில் வெள்ளி உப்புகளைப் பூசுதல் வேண்டும். ஒளி படாமல் அதனைக் காத்தல் வேண்டும். காமிராவில் வைத்தபின் அது நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். இத்தனையும் செய்தும் ஒரு குறை எஞ்சியது. அம்மருந்துகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்பவை ஆதலின், வானம் மேகமின்றி வெறுமையாகவே பதிந்தது. டிரைப் தூரிகை கொண்டு மூலத்தாளில் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். எனவே, அவர் படங்களைக் காண்போர், மலையும் மதிலும் ஒளி வரைந்தவை என்றும், மேகம் கை வரைந்ததாதல் கூடும் என்றும் பகுத்தறிதல் வேண்டும். படம் சான்று கூறும்; அச்சான்றையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் அன்றோ?

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் கல்வெட்டை, டிரைப் பகுதி பகுதியாகப் பதித்து, 21 படங்களை ஒட்டி ஒரே நெடும் படமாக்கினார். இவ்வளவு அரிய பணியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த டிரவெல்யன், இஃது அரசின் நிதி நிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் எனக் கருதி நிறுத்திவிட்டார். செலவைக் கண்ட கண், பயனைக் காணவில்லை. அன்று வீண் எனப்பட்ட அப்படங்களே இன்று இலண்டன் நகரத்து விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன.

அசையாப் பொருளைப் பதித்தலே அரிதாயிருந்த அக்காலத்தில், அசையும் நீரைப் பதித்தவரும் ஒருவர் உளர். வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில், காசுவெல் விரிகுடாவில், கரைமோதும் அலையை 1853-இல் படமாக்கினார் ஜான் டில்வின் லுவெல்லின். அசைவைக் காட்டிய அவர் படங்கள் 1855-இல் பாரிசுக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றன.

அலையைக் காண வேல்ஸ் செல்ல இயலாதவர், தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கலுக்குச் செல்லலாம். காவிரி அங்கே பாறைகளுக்கிடையே பல கிளைகளாய்ப் பிரிந்து வீழ்கின்றது. நீர்த்திவலைகள் புகைபோல் எழுவதால், புகையும் கல் என்னும் பொருளுடைய கன்னடப் பெயரை அவ்வூர் பெற்றது. காமிராவின் கதவு இமைப்பொழுதில் ஒரு சிறு பங்கே திறந்து மூடின், ஒவ்வொரு துளியும் முத்துப்போல் தனித்துத் தோன்றும். காமிராவை அசையாது நிறுத்தி அக்கதவைச் சில நொடி திறந்து வைப்பின், அருவி முழுவதும் வெண்புகையாய்த் தோன்றும். ஊர்ப்பெயரின் பொருள் படத்தில் விளங்கும். நண்பகல் வெயிலில் பாறையும் நீரும் கண்கூசும். காலையிலும் மாலையிலும் ஒளி சாய்ந்து வீழ, பாறையின் மேடு பள்ளங்கள் தெளிவுறும். ஆதலின் நல்ல படம் விரும்புவோர் விடியலிற் சென்று காத்திருப்பர்.

அங்கே அவர்களுக்கு வழிகாட்டுவோர் பரிசல் ஓட்டிகள். மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசலைத் துடுப்பொன்றால் செலுத்தும் அவர்கள், நீரின் போக்கையும் சுழலின் இடத்தையும் நன்கு அறிவர். மேலே கருநாடகத்து அணைகளிலிருந்து நீர் மிகுதியாக வருங்கால் அரசு பரிசல் செலுத்துவதைத் தடுக்கின்றது. அத்தடையையும் வழிகாட்டியின் சொல்லையும் மீறி, இன்னும் ஓரடி முன்னே சென்றால் படம் சிறக்கும் என எண்ணி வழுக்குப் பாறையில் கால் வைத்து உயிரிழந்தோர் உளர். கண் காமிராவில் பதிந்திருக்கும்போது கால் நிற்கும் இடம் தெரிவதில்லை. நழுவிய காட்சி மறுநாளும் வரும். நழுவிய உயிர் வாராது.

பொறுமை, உண்மை, எச்சரிக்கை என்னும் மூன்றும் நிழற்படக் கலைக்கு உறுதுணையாவன. பொறுமை ஒளியைத் தரும். உண்மை படத்திற்கு மதிப்பைத் தரும். எச்சரிக்கை, எடுத்த படத்தைப் பிறருக்குக் காட்ட எடுத்தவரை வீடு சேர்க்கும். இம்மூன்றையும் உடையவர் எளிய காமிரா கொண்டும் தம் ஊரின் மலையையும் ஆற்றையும் வருங்காலத்தார்க்குக் காத்துத் தருவர் என்பது திண்ணம்.