எஸ்.எல்.ஆர். எங்கே நின்னுச்சு?

என்.சி.சி.ல இருக்கிற தம்பி தங்கைகளே, துப்பாக்கி ஸ்டாப்பேஜ் பாடத்தை மனப்பாடம் பண்ணாதீங்க. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். ஒரு மெஷின் நின்னா, எந்தக் கட்டத்துல நின்னுச்சுன்னுதான் முதல்ல பார்ப்போம். இங்கேயும் அதேதான்.

7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., பெல்ஜியத்தோட எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் நம்ம நாட்டு வடிவம். 1962 சீனப் போருக்கு அப்புறம் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில செஞ்சாங்க. 1990-களில் இன்சாஸ் வர்ற வரைக்கும் ராணுவத்தின் முக்கியத் துப்பாக்கி இதுதான். மேகசின்ல 20 ரவுண்டு.

வேலை செய்யற விதம் இதுதான். ரவுண்டு வெடிச்சதும் குழலில் உள்ள சின்னத் துளை வழியா கொஞ்சம் வாயு மேலே போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஸ்லைடைப் பின்னால தள்ளும். பிரீச் பிளாக்கோட பூட்டு விடுபடும், காலித் தோட்டா வெளியே விழும், ஹேமர் காக் ஆகும். பட்டுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் எல்லாத்தையும் முன்னால தள்ளும்போது அடுத்த ரவுண்டு சேம்பருக்குள்ள போகும்.

இப்போ கோளாறுக்கு வருவோம்.

1. ரவுண்டு ஏறவே இல்லையா? மேகசினைப் பாருங்க. முன்பக்கக் கொக்கி மாட்டி, பின்பக்கம் 'கிளிக்'னு பூட்டணும். அது சரியா இருந்தா, வாய் வளைஞ்சிருக்கும் இல்ல ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். வேற மேகசின் போட்டதும் சரியாயிட்டா, குற்றவாளி மேகசின்தான்.

2. ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால காக் பண்ண வேண்டியிருக்கா? வாயு பிஸ்டனுக்குப் போகல. கேஸ் பிளக் கிரனேட் நிலையில திரும்பியிருந்தா இப்படித்தான் ஆகும்.

3. காலித் தோட்டா வெளியே வந்தும், சில நேரம் அடுத்தது ஏறலையா? வாயு போதல. கரி படிஞ்சிருக்கும், இல்ல ரெகுலேட்டரில் வெளியேறும் துளை பெருசா திறந்திருக்கும். அதைக் குறைச்சா பிஸ்டனுக்கு அதிக வாயு போகும். ஆனா தேவைக்கு மேல குறைச்சா பாகங்கள் அடிபட்டுத் தேயும்.

4. காலித் தோட்டா சேம்பரிலேயே நிக்குதா? சேம்பர் அழுக்கு, இல்ல எக்ஸ்ட்ராக்டர் தேய்மானம்.

5. 'டிக்'னு சத்தம் மட்டும் வந்து வெடிக்கலையா? ரவுண்டு பழுதா இருக்கலாம், ஃபயரிங் பின் உடைஞ்சிருக்கலாம், பிரீச் பிளாக் முழுசா பூட்டாமலும் இருக்கலாம்.

இந்த ஐந்தாவதுதான் ஆளைக் காவு வாங்கும். வெடிமருந்து மெதுவா பத்தி, சில நொடி கழிச்சும் வெடிக்கலாம். உடனே திறந்தா முகத்துக்கு நேரா ஆபத்து. ரேஞ்சில் குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், விரலை டிரிகரில் இருந்து எடுங்க, கையைத் தூக்குங்க, குறைஞ்சது 30 நொடி காத்திருங்க. மத்ததைப் பயிற்சியாளர் பார்த்துக்குவார். திரும்பிப் பக்கத்துல இருக்கிறவரிடம் பேசினா குழலும் சேர்ந்து திரும்பும். ஒருத்தர் உயிர் போக அது போதும்.

நம்ம தென்காசிப் பக்கத்துக்கு இன்னொரு விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல்ல இரும்பு சும்மா விட்டாலே துருப்பிடிக்கும். சுட்ட அன்னிக்கே புல்த்ரூ போட்டு, கேஸ் சிலிண்டரைத் துடைச்சு, மெல்லிசா எண்ணெய் தடவணும். சுடறதுக்கு முன்னாடி சேம்பரும் குழலும் உலர்வா இருக்கணும்.

பரீட்சையில 'கோளாறு என்ன?'ன்னு கேட்டா, 'எந்தக் கட்டம் நடக்கல?'ன்னு உங்களையே கேளுங்க. பதில் தானா வரும்.