மேகக் கணிமையில் தரவுத் தளம்: 'பூமி' தரும் பாடம்

திரண்ட தகவல்களை ஆராய்ந்து முடிவு காணும் துறையே தரவு அறிவியல். அதற்கு வேண்டிய கணிப்பொறிகளை இன்று விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தின் வழங்கிகளைத் தேவைக்கேற்ப வாடகைக்குப் பெறலாம். இதுவே மேகக் கணிமை. மைய அரசும் 2014-இல் 'மேகராஜ்' என்னும் தேசிய மேகத்தைத் தொடங்கி, அரசுத் துறைகளுக்கு இவ்வசதியை அளித்தது.

எனினும் வழங்கியை அமர்த்துவது எளிய பகுதியே. கடினமான பகுதி எது என்பதை, பெங்களூருவைத் தலைநகராகக் கொண்ட கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் உணர்த்துகிறது. கிராமக் கணக்கர்கள் கையால் எழுதிவந்த, 67 லட்சம் உழவர்களுக்குரிய ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. உழவர் 15 ரூபாய் செலுத்தி நகல் பெற முடிந்தது. பதிவைத் திருத்தும் அலுவலர் விரல் ரேகை பதித்தே உள்நுழைய வேண்டியிருந்தது. பெயர் மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டன.

இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று, மூலப் பதிவுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே தரவை மேகத்தில் ஏற்றுதல் வேண்டும். இரண்டு, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதை முன்னரே வரையறுத்தல் வேண்டும். ஆய்வாளருக்குப் பெயர் நீக்கிய படியே போதும். மூன்று, ஒவ்வொரு திருத்தமும் யாரால், எப்போது செய்யப்பட்டது என்பது அழியாது பதிவாதல் வேண்டும்.

ஒரு சர்வே எண் பிழைபட்டால், ஆய்வறிக்கையில் அது சிறு புள்ளி. நிலத்துக்குரியவருக்கோ அது கிடைக்காமற்போகும் பயிர்க்கடன்.